மூன்று டேக் உப்பு

சாப்பாட்டுக்கு நடுவே நாக்கு சார் தண்ணீர் குடித்தால் அந்தக் கடை ஒரே மாதத்தில் மூடப்படும். அவர் இடது புருவம் உயர்ந்தால் கடை வாசலில் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்களுக்குள் கல்யாணம் முடிந்து, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தையும் வரிசையிலேயே நடை பழகும். உலகத்தின் எந்த மூலையில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று வாரம் ஒரு இடமாகத் தேடிப் போய்ச் சாப்பிட்டுக் காட்டும் அவருடைய சேனலைப் பார்க்காதவர்கள் அந்த ஊரில் இரண்டே பேர். ஒருவர் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருந்தார். இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் முன்கூட்டி ருசி பார்க்க மாட்டார். சமையல்கட்டுப் பக்கம் மூக்கைக்கூட நீட்ட மாட்டார். நேரலை தொடங்கும்வரை காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். பிறகு இறங்கி வந்து, இரண்டு லட்சம் பேர் பார்க்க, முதல் வாயை வைப்பார். முதல் வாய்க்கு ரீடேக் கிடையாது.

மற்ற எல்லாவற்றுக்கும் ரீடேக் உண்டு. அதைக் கேட்பதற்கென்றே பிறந்தவள் அவருடைய கேமராக்காரி. ஒரு வெங்காயம் நறுக்குவதைப் பதினேழு தடவை எடுத்து, நறுக்கியவரைவிட அதிகமாகத் தான் அழுதவள். கொதிக்கும் குழம்பில் ஒரு குமிழி உடைகிற அழகு போதவில்லை என்று குழம்பிடமே "இன்னொரு தடவை" கேட்டவள். ஐந்து வருடமாக அவள் கண்ணால்தான் உலகம் நாக்கு சாரின் தட்டைப் பார்க்கிறது. அவள் குரலை மட்டும் யாரும் கேட்டதில்லை. கேமராவுக்கு வாய் கிடையாது என்பது சேனலின் சட்டம்.

அன்றைக்கு அவள் நின்றுகொண்டிருந்தது சொந்த அண்ணன் கடையில்.

ஆறே மேசை. அதில் நாலு மேசை மனிதர்களைப் பார்த்து மாதக்கணக்காகிறது. வருகிறவர்களும் ஒரு டீயைக் குடித்துவிட்டு, சுவரில் இருக்கும் பட்டியலை ஏதோ பரீட்சைத் தாள்போலப் படித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். காரணம், சமைப்பது அண்ணி. அண்ணி கடல் கடந்து வந்தவள். அவள் செய்வது அவள் அம்மா ஊர்க் குழம்பு. எலும்பும் பயறும் சேர்ந்து ஆறு மணி நேரம் கொதிக்க வேண்டும். அதன் பெயரைச் சொல்ல நம் நாக்கு மூன்று இடத்தில் மடங்க வேண்டியிருக்கும் என்பதால் அண்ணன் அதற்கு ஆறுமணிக் குழம்பு என்று பெயர் வைத்துவிட்டான். பெயரைக் கேட்டவர்கள் அது சாயங்காலம்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு மத்தியானம் வருவதில்லை. அண்ணனின் வியாபார மூளை அப்படி.

இந்த மாதமும் கூட்டம் வராவிட்டால் கடையை மூடிவிடுவது என்று முடிவாகிவிட்டது. அண்ணி பழையபடி கிடங்கில் பார்சல் கட்டப் போவாள். அண்ணன் வேன் ஓட்டப் போவான். இதைத் தெரிந்துகொண்டுதான் கேமராக்காரி நாக்கு சாரிடம் போய் நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உன் அண்ணி கடையா? வரேன். ஆனா ரெண்டு மடங்கு கறாரா இருப்பேன். அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது."

ஒரு மணிக்கு நேரலை. பன்னிரண்டரைக்கு அண்ணி கரண்டியை எடுத்தாள்.

அண்ணி சமைக்கும்போது இடையில் ருசி பார்க்கிறவள் அல்ல. உப்பு போடுவது அவள் மட்டும்தான், அதுவும் ஒரே தடவை, காலையில், கை அளவாக. ருசி பார்ப்பதும் ஒரே தடவை, இறக்குவதற்குச் சற்று முன்னால். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு நக்கினாள்.

அப்படியே நின்றாள்.

கேமரா நிற்கும் முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த கேமராக்காரி நிமிர்ந்தாள். அண்ணியின் முகத்தில் முதலில் கண் சுருங்கியது, பிறகு கன்னம், பிறகு காது. தலைமுடிகூடச் சுருண்டதுபோல் இருந்தது.

"இதுல யாரு கை வச்சது?" என்றாள் அண்ணி.

சாதாரணக் கோபத்துக்கு அண்ணி தன் மொழியில்தான் திட்டுவாள். பாட்டுப்போல இருக்கும், ஒன்றும் புரியாது, எல்லோரும் ரசிப்பார்கள். உண்மையான கோபம் வந்தால் மட்டும் நம் மொழிக்கு மாறிவிடுவாள், ஒரு சொல்லும் யாருக்கும் தப்பிப் போய்விடக் கூடாது என்று. இப்போது நம் மொழியில் கேட்டாள்.

அண்ணன் மேசை விரிப்பை நீவிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "என்னாச்சு?"

"உப்பு போட்டீங்களா?"

"ஆமா. நீ காய் வாங்கப் போயிருந்தப்போ பாப்பாதான் சொல்லிச்சு. 'அண்ணா, கையைக் காட்டு, உப்பு விழற மாதிரி ஒரு ஷாட் வேணும்'னு."

"எவ்ளோ போட்டீங்க?"

"ஒரு கைதான்." கொஞ்சம் யோசித்தான். "அப்புறம் ஒன்ஸ் மோர்னு சொல்லிச்சு. அப்புறம் ஸ்லோமோஷனுக்கு ஒண்ணு."

"மூணு கை."

"நீ இன்னும் போடலைன்னு நெனச்சேன்."

"நான் காலையிலயே போட்டாச்சு!"

கேமராக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படிப்பட்ட ஷாட்டுகளுக்கென்று அவளிடம் ஒரு முறை உண்டு. பக்கத்து அடுப்பில் ஒரு பாத்திரத்தில் வெந்நீரை வைத்துக்கொள்வாள். அதற்கு 'டூப்பு' என்று பெயர். கைகள் எத்தனை தடவை எதைத் தூவினாலும் டூப்பில்தான் விழும். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. இன்றைக்கு ஜன்னல் வெளிச்சத்தில் உண்மைக் குழம்பின் ஆவி எழுந்த அழகில் சொக்கிப்போய் டூப்பை மறந்துவிட்டாள். அண்ணன் கையிலிருந்து விழுந்தது அவள் கண்ணுக்கு உப்பாகவே தெரியவில்லை. வெளிச்சத்தில் இறங்கும் ஒரு வெள்ளைத் தூறல். அவ்வளவுதான். அதைப் பார்த்து அவள் உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று தடவை புல்லரித்தது.

"அண்ணி..." என்றாள்.

"பேசாத. உன் வீட்டுக்கு வாக்கப்பட்டு பதினோரு வருஷம். மாமியார் கொடுமை, ஓரகத்தி கொடுமை எல்லாம் கேள்விப்பட்டிருக்கேன். கேமரா வச்சுக் கொடுமை பண்ணின நாத்தனார் நீ ஒருத்திதான்."

"தண்ணி ஊத்தி..."

"ஆறு மணி நேரம் நின்னு கெட்டியாக்கினதுல தண்ணி ஊத்தினா அது குழம்பா? பாத்திரம் கழுவின தண்ணி. உங்க சார் நாக்கு அதைக் கண்டுபிடிக்காதா?"

கண்டுபிடிக்கும். பால் கறந்த மாடு அன்று எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தது என்பதைக்கூடச் சொல்லிவிடும் நாக்கு அது.

"அவர்கிட்ட போய் நாளைக்கு வச்சுக்கலாம்னு சொல்லிடவா?" என்றான் அண்ணன்.

கேமராக்காரி தலையை ஆட்டினாள். ஒரு வாரமாக அறிவித்தாகிவிட்டது. நாக்கு சார் ஒரு தடவை நூற்றி மூன்று டிகிரி காய்ச்சலில் நேரலையில் உட்கார்ந்து, சூப் ஆறிப்போயிருக்கிறது என்று குறை சொன்னவர். தள்ளிப் போடுவது என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை. மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு.

அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குழம்பையே பார்த்தாள். பிறகு திடீரென்று அலமாரியைத் திறந்து ஒரு பையை இழுத்தாள்.

"உடைச்ச கோதுமை. உப்பே போடாம வேகவை. என்னங்க, அந்தப் பெரிய தட்டை எடுங்க. பெரிய தட்டு, பெரிய தட்டு! அது மூடி!"

"என்ன அண்ணி பண்ணப் போறீங்க?"

"கோதுமை ஒரு மலை. குழம்பு ஒரு சொட்டு. சேர்த்துப் பிசைஞ்சா உப்பு சரியா நிக்கும்."

"ஆனா இது குழம்பு மட்டும் கிண்ணத்துல குடிக்கறதுதானே? எங்க ஊர்ல இப்படித்தான்னு நீங்கதானே..."

"இன்னைலேர்ந்து எங்க ஊர்ல வேற மாதிரி" என்றாள் அண்ணி.

ஒரு மணிக்குக் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. நாக்கு சார் உள்ளே வந்தார். அவர் நடந்து வருகிறபோது வயிறு முதலில் வந்து வணக்கம் சொல்லும், முகம் பிறகுதான் வரும். உட்கார்ந்தார். கருத்துகள் ஓடுகிற செல்போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார். அண்ணன் தண்ணீர் டம்ளரை எட்டாத தூரத்தில் வைக்கப் பார்த்தான். சார் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அண்ணி தட்டை வைத்தாள்.

"என்னம்மா இது? கோதுமை ஒரு மலை, உச்சியில குழம்பு ஒரு பொட்டு?"

"எங்க ஊர்ல விருந்தாளிக்கு முதல் வாய் இப்படித்தான் சார்." அண்ணியின் குரல் ஆடவில்லை. அவள் கை மட்டும் முந்தானையைத் திருகியது. கேமராக்காரி சட்டென்று அந்தக் கையைக் காட்சியிலிருந்து வெட்டினாள்.

வழக்கம் என்று கேட்டதும் நாக்கு சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வழக்கம் என்றால் அவருக்கு உயிர். "பார்த்தீங்களா! மலையையும் ஊற்றையும் தட்டுக்குள்ள கொண்டு வந்திருக்காங்க!" என்று இரண்டு லட்சம் பேருக்கும் விளக்கினார். அண்ணிக்கே அது புதுச் செய்தி. பிசைந்தார். உருட்டினார். முதல் வாய் உள்ளே போனது.

கேமராக்காரி அவர் இடது புருவத்தை மட்டும் பார்த்தாள். அது துடித்தது. நின்றது. பிறகு மெதுவாக, கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல, ஏறத் தொடங்கியது. பாதி நெற்றி. முக்கால் நெற்றி. அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டான்.

"அடடா" என்றார் நாக்கு சார். "இப்ப அந்தக் குழம்பை மட்டும் தனியா ஒரு கரண்டி ஊத்தும்மா."

அண்ணி அசையவில்லை.

"தனியா சாப்பிடக் கூடாது சார்."

"ஏன்?"

வழக்கத்தைக் கண்டுபிடிக்க இருபத்திரண்டு நிமிடம் கிடைத்திருந்தது. காரணம் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அண்ணியின் கண் சுவரில் ஓடியது, கூரையில் ஓடியது.

"ஆகாது சார்."

"யாருக்கு ஆகாது?"

"மாமியாருக்கு."

"யாரோட மாமியாருக்கு?"

"சாப்பிடறவங்களோட மாமியாருக்கு."

செல்போனில் கருத்துகள் வெள்ளமாகப் பாய்ந்தன. எனக்கு மூன்று கிண்ணம். எனக்கு ஒரு வாளி. வீட்டுக்கு அனுப்புவீர்களா? என் மருமகள் இந்த நேரலையைப் பார்க்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? நாக்கு சார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எனக்கு மாமியாரே இல்லம்மா. அவங்க போய்ப் பத்து வருஷம் ஆச்சு. தைரியமா ஊத்து."

அப்போது அவர் கண் செல்போனில் ஒரு வரியில் நின்றது. சிரிப்பு நின்றது. சத்தமாகப் படித்தார். "ஒருத்தர் எழுதறாங்க. 'நானும் அதே ஊர்க்காரிதான். எங்க ஊர்ல இப்படி ஒரு வழக்கமே கிடையாது. கிண்ணத்துலதான் குடிப்போம்.'" தலையை நிமிர்த்தினார். குரலில் இருந்த வெண்ணெய் உருகிப் போயிருந்தது. "என்னம்மா இது? ஊர் ஊரா நான் போறதே ஜனங்க எப்படிச் சாப்பிடறாங்களோ அதை அப்படியே காட்டத்தான். இங்க நீங்க எனக்குக் கதை சொன்னீங்கன்னா, நான் இவங்களுக்கு என்ன சொல்றது?"

அண்ணி கேமரா பக்கம் திரும்பினாள்.

கேமராக்காரியின் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் நேரலை அறுந்துவிடும். நெட் போய்விட்டது என்று சொல்லலாம். உலகத்தில் தினமும் போகிறது, யாரும் கேட்க மாட்டார்கள். அண்ணி பொய்க்காரி என்று ஆகாது. ஆனால் முக்கால் நெற்றிவரை ஏறிய புருவம் முழுசாக ஏறாமலே போய்விடும். கடை மூடும். விரல் பொத்தானைத் தொட்டது.

அண்ணி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. இந்தப் பழியையும் நானே சுமக்கிறேன், நீ பிழைத்துப் போ என்கிற பார்வை. அதுதான் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தால் கேமராக்காரி பொத்தானை அழுத்தியிருப்பாள்.

"உப்பு சார்" என்றாள் கேமராக்காரி.

நாக்கு சார் திடுக்கிட்டுத் திரும்பினார். மேசை பேசியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். செல்போனில் கருத்துகள்கூட ஒரு கணம் நின்றன. யார் பேசியது? ஆவியா?

"குழம்புல உப்பு அதிகம் சார். அண்ணி போட்டது ஒரு கை. அது சரியான அளவு. மிச்சம் மூணு கை நான் போட வச்சது. ஷாட்டுக்கு. டூப்பு வைக்க மறந்துட்டேன். வெளிச்சம் நல்லா இருந்துச்சுன்னு மூணு டேக் எடுத்தேன். நாலு கை உப்பை மறைக்கத்தான் அண்ணி இந்த வழக்கத்தை உண்டாக்கினாங்க. அவங்க பொய்க்காரி இல்ல சார். ஆறு மணி நேரம் அடுப்பு முன்னாடி நின்னவங்க. தப்பு என்னோடது."

குரல் உடைந்தது. கேமரா மட்டும் ஆடவில்லை. ஐந்து வருடப் பழக்கம்.

நாக்கு சார் எழுந்தார். கேமரா அவரைத் தொடர்ந்தது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நேரலையில் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். குழம்புப் பானையின் முன் நின்றார். கரண்டி நிறைய மொண்டார்.

"சார், வேணாம்" என்றாள் அண்ணி.

வாயில் வைத்தார்.

அவர் முகத்துக்கு நடந்ததைச் சொல்லி முடியாது. கண்கள் தலைக்குள் போய் ஒளிந்துகொண்டன. மீசை நிமிர்ந்து நின்றது. இரண்டு காதும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளப் புறப்பட்டன. கடலையே வற்றவைத்துக் கரண்டியில் எடுத்ததுபோல் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் துப்பவில்லை. விழுங்கினார். பிறகு, எல்லோரும் பயந்தபடியே, மேசைக்குத் திரும்பி டம்ளரை எடுத்தார்.

குடித்தார்.

அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்தாயிற்று. அண்ணி அடுப்பை அணைக்கப் போனாள்.

"நில்லும்மா" என்றார் நாக்கு சார். "இன்னொரு டம்ளர் குடுங்க." குடித்தார். "இன்னொண்ணு." அதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மூணு டம்ளர் குடிச்சேன். மூணு டேக்குக்கு மூணு. இந்தத் தண்ணி இந்தக் கடை கணக்குல சேராது, என் சேனல் கணக்கு. அழகா விழணும் அழகா விழணும்னு இந்தப் பொண்ணை அஞ்சு வருஷமா விரட்டினது நான்தான்." அண்ணி பக்கம் திரும்பினார். "ஆனா வழக்கம்னு நீங்க சொன்னது பொய். அதை நான் மன்னிக்க மாட்டேன். நாளைக்கு ஒரு மணிக்குத் திரும்ப வருவேன். கிண்ணத்துல குடுங்க. உங்க ஊர்ல எப்படியோ அப்படி. நல்லா இல்லைன்னா நாலாவது டம்ளர் உங்க கணக்குல சேரும்."

"சரி சார்."

"இன்னொண்ணு." புருவத்தைத் தொட்டுக் காட்டினார். அது இன்னும் முக்கால் நெற்றியிலேயே இருந்தது. "கோதுமையோட சாப்பிட்டப்போ இது தானா ஏறிச்சு. உப்புக்கு அடியில என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியும்போல. இறக்கிப் பார்க்கறேன், இறங்க மாட்டேங்குது."

சிவப்பு விளக்கு அணைந்ததும் அவர் தண்ணீர்க் குடத்தையே தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வாசலில் வரிசை. அடுத்த தெருவைத் தாண்டி, திருப்பத்தில் வளைந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போனது. பஸ்ஸுக்காக நின்றவர்களில் பாதிப் பேர் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலேயே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர், அதிலும் குறிப்பாகப் பெண்கள், கேட்டது ஒன்றுதான். "அந்த மாமியாருக்கு ஆகாத குழம்பு இருக்கா? தனியா, கிண்ணத்துல?" அண்ணன் ஆறுமணிக் குழம்பு என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு மாமியாருக்கு ஆகாத குழம்பு என்று எழுதி வைத்தான். அவனுடைய வியாபார வாழ்க்கையில் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

விடிவதற்கு முன்பே வைத்த பானை உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. கேமராக்காரி வாசற்படியோடு நின்றாள். கேமரா கல்லா மேல் இருந்தது. சமையல்கட்டுக் கதவில் அண்ணி ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள்: உப்பு போடும்போது படம் எடுக்கக் கூடாது.

"உள்ள வா" என்றாள் அண்ணி. "கையைக் காட்டு. ரெண்டு கையையும்."

காட்டினாள். ஒன்றுமில்லை.

அண்ணி உப்பு டப்பாவுக்குள் கையை விட்டாள். ஜன்னல் வழியாக அதே வெளிச்சம் வந்து அதே ஆவியில் விழுந்துகொண்டிருந்தது. நேற்றைவிட நன்றாகவே இருந்தது. கை விரிந்தது. வெள்ளைத் தூறல் வெளிச்சத்தில் ஒரு கணம் அப்படியே தொங்கி, சுழன்று, மெல்ல இறங்கிக் குழம்புக்குள் காணாமல் போனது. கேமராக்காரியின் விரல்கள் காற்றில் தானாக எதையோ அழுத்தின. வயிற்றிலிருந்து ஒரு சொல் ஏறித் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒன்ஸ் மோர்!" என்று முன்பக்கத்திலிருந்து அண்ணன் கத்தினான்.

அண்ணி கரண்டியை வீசினாள்.